டீச்சரம்மா பதில்கள்: நிறுத்திப் பார்த்தால்தான் பாடம்

வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்வி சிடி, டிவிடி போட்டுக் காட்டுவது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நம் டீச்சரம்மா பதில் சொல்கிறார்.

நான் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன் டீச்சர். மகனுக்கு நாலரை வயது, எல்கேஜி. சென்னையில் இருக்கிற மதினி, தன் பிள்ளைகள் பார்த்து முடித்த தமிழ் எழுத்து, எண், பாட்டு டிவிடிகளைப் பை நிறையக் கொடுத்துவிட்டார். காலையிலும் சாயங்காலமும் போட்டுவிடுகிறேன், அசையாமல் பார்க்கிறான். அ முதல் ஃ வரை பாட்டாகவே பாடுகிறான். ஆனால் எழுத்தை எழுதிக் காட்டி ‘இது என்ன?’ என்றால் முழிக்கிறான். டிவிடி போடுவதை நிறுத்திவிடவா?
ஓர் அம்மா, முக்கூடல்

நிறுத்த வேண்டாம் தாயி. போடுகிற விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

நாளைக்கு டிவிடி ஓடும்போது நீங்கள் டிவியைப் பார்க்காமல் அவன் கண்ணைப் பாருங்கள். ‘ஆ, ஆடு’ என்று வரும். ஒரு பக்கம் ‘ஆ’ அசையாமல் நிற்கும், மறுபக்கம் ஆடு துள்ளும். பிள்ளையின் கண் ஆட்டின் மேலேயே இருக்கும். காது பாட்டில் இருக்கும். எழுத்தை அவன் பார்த்திருக்கவே மாட்டான். அவன் பாடுவது காதால் பிடித்த வரிசை. அ-வுக்கு அப்புறம் ஆ, அதற்கப்புறம் இ என்று ராகத்தோடு வருகிறது. நடுவிலிருந்து ஒரு எழுத்தை உருவிக் கேட்டால் முழிக்கத்தான் செய்வான். அவனிடம் எந்தக் குறையும் இல்லை. வகுப்பில் சேர்ந்த புதிதில் இப்படி வந்து, பின்னால் கடகடவென்று வாசித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவன் தூங்கின பிறகு நீங்கள் மட்டும் ஒரு தடவை அந்த டிவிடியைப் போட்டுப் பாருங்கள். எந்த நிமிடத்தில் எந்த எழுத்து வருகிறது என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று எழுத்து போதும். எழுத்து வந்ததும் ரிமோட்டில் நிறுத்த வேண்டும். படம் அப்படியே நிற்கும். ஒரு பழைய நோட்டு அட்டையை எடுத்து ஆட்டுப் படத்தை மறையுங்கள். இப்போது திரையில் ‘ஆ’ ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்த்துக் காற்றில் விரலால் எழுதட்டும், அப்புறம் தரையில் எழுதட்டும். புளியங்கொட்டை இருந்தால் அதே வளைவில் அடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஓட விடுங்கள். ஆடு துள்ளுவதை அவன் ஆசை தீரப் பார்க்கட்டும்.

உங்கள் கை பீடித்தட்டில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வேலையில் நிமிடத்துக்கொரு தடவை எழுந்திருக்க முடியாது. அதனால் ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்து, ‘நில்லு’ என்று நீங்கள் சொன்னதும் அமுக்கப் பழக்குங்கள். அட்டை பிடிப்பதையும் அவனே செய்வான். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொத்தான் பெரிய அதிகாரம், சந்தோஷமாகச் செய்வான். உங்கள் கை வேலை செய்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது? ‘அடுத்து யாரு வரப்போறா? ஆட்டுக்கு எத்தனை கால் பார்த்தே? நம்ம தெருவில ஆடு யாரு வீட்டில நிக்குது?’ என்று கேட்டுக்கொண்டே இருங்கள். டிவிடிக்குக் கேள்வி கேட்கத் தெரியும், ஆனால் பிள்ளை சொன்ன பதிலைக் கேட்கத் தெரியாது. அது உங்களால்தான் முடியும்.

இன்னொன்று, அந்த டிவிடி வைத்திருக்கிற வரிசையிலேயே நீங்களும் போக வேண்டும் என்று இல்லை. வகுப்பில் நான் அ-வில் எழுதத் தொடங்கினதே கிடையாது. அ, ஆ, இ எல்லாம் சுழித்து வளைகிற எழுத்துகள், நாலு வயது விரலுக்குக் கஷ்டம். ட, ப, ம, ய என்று கோடு போட்டாலே வந்துவிடுகிற எழுத்துகளில் தொடங்குங்கள். ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றோடு புள்ளி வைக்கவும் கற்றுக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் பிள்ளைக்கு வாசிக்க வந்துவிடும். தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த எழுத்தை அவனே கேட்பான்.

ஒரே பாட்டை மறுபடி மறுபடி கேட்கிறானே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை வேடிக்கை பார்ப்பான். அப்புறம்தான் திரையைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்குவான். பையில் உள்ள எல்லாவற்றையும் கலந்து போடாமல் ஒன்றையே ஒரு வாரம் ஓட்டுங்கள்.

நேரத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இரண்டு முதல் நாலு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கும் அந்த அளவே இருக்கட்டும். மிச்ச நேரம் அவன் பாட்டுக் கேட்க வேண்டும் என்று அழுதால், டிவியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் ஓட விடுங்கள், ஆடுவான், பாடுவான். அப்புறம் தாயி, புகையிலைத் தூள் பறக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, காற்று வருகிற பக்கமாக அவனை உட்கார வையுங்கள்.

போனில் எல்லாமே கிடைக்கிற காலம் இது. டிவிடி பிளேயரே வழக்கொழிந்து போய்விட்டது. இன்னும் நாம் சிடியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?
ஓர் இளம் தகப்பனார், பெருமாள்புரம்

கட்டிக்கொண்டு அழ வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டில் நல்ல இணைய இணைப்பும், பிள்ளை பக்கத்தில் உட்கார ஆளும் இருந்தால் புதிதாக டிவிடி பிளேயர் வாங்கச் சொல்ல மாட்டேன். 2018-ல் மாறிய புதிய பாடப்புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு இருக்கிறது, போனைக் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வருகிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுகள், பயன்படுத்துங்கள்.

ஆனாலும் சிடியில் எனக்குப் பிடித்தது, அது முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டால் பிள்ளை எழுந்து வெளியே போகும். போனில் ஒரு பாட்டு முடியும் முன்னே அடுத்தது தயாராக நிற்கிறது. நடுவில் விளம்பரம் வருகிறது, பொம்மையைப் பிரித்துக் காட்டுகிற வீடியோ வருகிறது, பிள்ளையின் விரல் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. போன் ஒரு ஆள் கையில் வைத்துக் குனிந்து பார்க்கிற சாமான். டிவியில் ஓடுகிற டிவிடியை ஆச்சி, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம், சேர்ந்து பேசலாம். அந்தப் பேச்சில்தான் பிள்ளைக்குப் பாடம் ஏறுகிறது.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பக்கம் போய்ப் பாருங்கள். போன் சிக்னல் வரும், போகும். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு டிவிடியோ பென் டிரைவோ கையில் இருப்பது பெரிய காரியம். உங்கள் வீட்டில் வேண்டாம் என்று கிடக்கிற பிளேயரும் நல்ல சிடிகளும் இருந்தால் அட்டத்தில் போட்டு வைக்காமல் அந்த மாதிரி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ அங்கன்வாடிக்கோ கொடுத்துவிடுங்கள். முதலில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

என் மகன் படித்த காலத்தில் வாங்கிய கல்வி சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குப் போடலாம் என்று டிவிடி பிளேயரில் வைத்தால் சில ஓடுகின்றன, சில ‘டிஸ்க் இல்லை’ என்கின்றன. கம்ப்யூட்டரில் ஒன்று திறந்தது, ஆனால் தமிழ் எழுத்துக்குப் பதில் கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.
ஒரு தாத்தா, கல்லிடைக்குறிச்சி

தூக்கிப் போடாதீர்கள் அண்ணாச்சி, பெரும்பாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்தப் பெட்டியில் நாலு சாதி சிடி கலந்து கிடக்கும். பிரித்து அடுக்கினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பாட்டு மட்டும் உள்ளது ஆடியோ சிடி, எல்லா பிளேயரிலும் ஓடும். படம் ஓடுவது விசிடி, ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், டிவிடி பிளேயரிலும் ஓடும். மூன்றாவது டிவிடி, சிடியில் 700 எம்பி அளவு பிடிக்கும் என்றால் இதில் 4.7 ஜிபி பிடிக்கும், படமும் தெளிவாக இருக்கும். நாலாவதுதான் உங்களை அலைக்கழிப்பது: சிடி-ராம். அது படம் ஓட்டுவதற்கானது இல்லை, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய நிரல். அம்புக்குறியால் தொட்டு விளையாடுகிற கணக்கு, எழுத்துப் பயிற்சி எல்லாம் அதில்தான் வந்தன. டிவி பக்கத்து பிளேயருக்கு அது புரியவே புரியாது. உறையில் ‘விண்டோஸ் 98’, ‘எக்ஸ்பி’ என்று போட்டிருந்தால் அந்த வகை என்று தனியே வையுங்கள்.

தமிழ் கன்னாபின்னா என்று வருவதற்குக் காரணம் எழுத்துரு, அதாவது ஃபாண்ட். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்து முறை பரவும் முன்னால் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தரப்படுத்தியது, 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. உங்கள் சிடி அதற்கு முந்தைய காலத்தது. சிடியை முழுதாகத் திறந்து உள்ளே ‘ஃபாண்ட்ஸ்’ என்ற பெயரில் கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருக்கிற கோப்பின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி ‘இன்ஸ்டால்’ கொடுத்துவிட்டு மறுபடி திறந்தால் தமிழ் தமிழாக வர வாய்ப்பு அதிகம்.

சிலது அதற்கும் மசியாது. ரொம்பப் பழைய 16 பிட் நிரல்கள் இப்போதைய 64 பிட் விண்டோஸில் ஓடாது. பிரவுசரில் திறக்கிற மாதிரி செய்த ஃபிளாஷ் பாடங்களும் நின்றுபோயின. அந்த ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவையே 2020 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டார்கள். உறவிலோ தெருவிலோ எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது கிடந்தால் அதைத் துடைத்து எடுங்கள். இணையத்தில் சேர்க்காமல், பேரப்பிள்ளைகளின் கல்வி சிடிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓடுகிற விசிடி, டிவிடிகளை இப்போதே பென் டிரைவில் ஏற்றி வைப்பது நல்லது. புதிய லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே இல்லை, அதனால் யூஎஸ்பியில் மாட்டுகிற வெளி டிரைவ் ஒன்று வேண்டும். கடையில் கிடைக்கும், தெரிந்தவர்களிடம் இரண்டு நாள் கடன் வாங்கினாலும் போதும். விசிடியைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறைக்குள் ஒரு பெரிய கோப்பு இருக்கும், படம் அதுதான். விஎல்சி என்கிற இலவச மென்பொருளில் அது அப்படியே ஓடும். டிவிக்குப் பின்னால் மாட்டி ஓட வேண்டுமென்றால் எம்பி4 ஆக மாற்றச் சொல்லுங்கள். கல்லூரி போகிற எந்தப் பிள்ளையும் செய்து தரும். 32 ஜிபி பென் டிரைவில் நாற்பது சிடிக்கு மேல் அடங்கும். உங்கள் வீட்டுக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிரதி எடுத்து விற்கிற வேலை மட்டும் கூடாது.

இதையெல்லாம் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள் அண்ணாச்சி. அவன் அப்பா சின்ன வயதில் எந்தக் கணக்கில் தடுமாறினான் என்று சொல்லிக்கொண்டே போட்டால் அந்த சிடியை அவன் விடவே மாட்டான்.

எங்கள் ஊர்க் காற்றில் வீடெல்லாம் மண். சிடி கோடு விழுந்து சிக்குகிறது. வழி உண்டா?
ஒரு வாசகி, பணகுடி

ஆடிக் காற்றில் பணகுடியில் மண் பறப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டுமா! சிடியைத் துடைக்கும்போதுதான் பெரும்பாலும் கோடு விழுகிறது. மண் ஒட்டின சிடியைச் சேலைத் தலைப்பால் வட்டமாகத் துடைத்தால் மணலே அதைக் கீறிவிடும். முதலில் ஊதியோ, குழாய்த் தண்ணீரில் லேசாகக் காட்டியோ மண்ணைப் போக்குங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுத் துளையிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள், வட்டமாகச் சுற்றக் கூடாது. சிடியில் பாடம் வட்டமாகத்தான் பதிந்திருக்கிறது. அதே வட்டத்தில் கோடு விழுந்தால் ஒரு நீளத்துக்கு அழிந்துவிடும், குறுக்கே விழுந்த கோட்டை பிளேயர் ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

பளபளக்கிற பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பாதுகாக்கிறோம். சிடியில் பதிவு இருப்பது படம் ஒட்டின மேல் பக்கத்துக்கு அடியிலேயே. அங்கே பேனாவால் பெயர் எழுதினாலோ, ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ பதிவோடு வந்துவிடும். வெயில் படுகிற ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், கடையில் பிரதி போட்டுக் கொடுத்த சிடி வெயிலில் சீக்கிரம் கெடும். நல்ல சிடி எல்லாமே சிக்கினால் குறை பிளேயரின் லென்ஸில், சர்வீஸ் கடையில் துடைக்கக் கொடுங்கள்.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மகள் வள்ளியூரில் ஆறாம் வகுப்பு. கணக்கு வரவில்லை என்று இங்கிருந்து கணக்கு டிவிடிகள் வாங்கி அனுப்பினேன். இரண்டு ஓடவே இல்லையாம். ஓடுவதைப் பார்த்துவிட்டு ‘புரிஞ்சிட்டு’ என்கிறாள், பரீட்சையில் மார்க் வருவதில்லை. டியூஷனில் சேர்க்கட்டுமா?
ஒரு தகப்பனார்

ஓடாத இரண்டும் கெட்டுப் போனவையாக இருக்காது தம்பி. டிவிடிகளுக்கு உலகத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். துபாய் இரண்டாம் வட்டாரம், இந்தியா ஐந்தாம் வட்டாரம். நம்மூரில் வாங்கின பிளேயர் அங்கத்திய டிவிடியை மறுத்திருக்கலாம். இனி வாங்கும்போது உறையின் பின்பக்கம் சின்ன உருண்டை உலகப் படத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள், ஐந்தோ ‘எல்லாம்’ என்றோ இருந்தால் வாங்குங்கள். பாடத்திட்டமும் நம்முடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘புரிஞ்சிட்டு’ என்று அவள் சொல்வது பொய்யில்லை. அடுத்தவர் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது எல்லோருக்கும் புரியும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழுக்கிக்கொண்டு போகும். தானே வெறும் தாளில் தொடங்கும்போதுதான் முதல் படி எது என்றே தெரியாமல் நிற்பாள். அதனால் டிவிடியில் கணக்கு திரையில் வந்ததும், விடை வருவதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். நோட்டில் அவள் முழுதாகப் போட வேண்டும். பிறகு ஓட விட்டு, திரையில் வருவதோடு படி படியாக ஒப்பிட வேண்டும். எந்தப் படியில் பிரிகிறதோ அங்கே பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்க்கட்டும். அரை மணி நேர டிவிடி இப்படிப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். பாதி டிவிடி போதும் அன்றைக்கு.

பின்னம் வராவிட்டால் திரையை அணைத்துவிட்டு ஆச்சியை நுங்கு வெட்டச் சொல்லுங்கள். காய்க்கு மூன்று கண், ஒன்றைத் தின்றால் மூன்றில் ஒன்று. இரண்டு காயில் நாலு கண் தின்றால் ஆறில் நாலு, அதுவும் மூன்றில் இரண்டும் ஒன்றா இல்லையா என்று அவளே சொல்லட்டும். நுங்கு இல்லாத மாதத்தில் தோசை இருக்கிறது. மூன்றில் ஒன்று பெரிதா நாலில் ஒன்று பெரிதா என்பதைப் பசியோடு இருக்கிற பிள்ளை தப்பாகச் சொல்லவே செய்யாது.

டியூஷனுக்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ராத்திரி நீங்கள் வீடியோ காலில் பேசும்போது ‘என்ன படிச்சே?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடு’ என்று கேளுங்கள். டிவிடியின் சத்தத்தை அமர்த்திவிட்டு அவளே ஆசிரியராகப் பேசட்டும். நீங்கள் நடுவில் ‘ஏன் அப்படி?’ என்று மட்டும் கேளுங்கள். எங்கே திக்குகிறாளோ அங்கேதான் அவளுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குச் சொல்லித் தரப்போகிறோம் என்ற நினைப்பிலேயே பிள்ளை கவனமாகப் பார்க்கும். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவள் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார உங்களுக்கு இது நல்ல வழி.

என் மகன் ‘பழம்’ என்பதை ‘பளம்’ என்கிறான். நாங்களும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். சிடி போட்டால் சரியாகுமா?
ஓர் அம்மா, களக்காடு

ஆகும், ஆனால் படம் பார்க்கிற சிடியைவிடக் கதை சொல்கிற ஆடியோ சிடி இதற்கு நல்லது. கண்ணுக்கு வேலை இல்லாதபோது காது கூர்மையாகும். ‘வாழை, வாளை, வாலை’ என்று மூன்று சொல் சேர்ந்து வருகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நீங்களும் அவனும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும், ள-வுக்கு நாக்கை மடக்கி அண்ணத்தில் தொட வேண்டும், ழ-வுக்கு மடங்கின நாக்கு எதையும் தொடாமல் நிற்கும். ர-வும் ற-வும் இதே மாதிரி பழகலாம்.

நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சை மாற்றவே வேண்டாம். ஆச்சியிடம் ஆச்சி பேசுகிற மாதிரியே பேசட்டும். வாசிக்கும்போது எழுத்துக்குரிய சத்தம் வந்தால் சரி.

மகளுக்குப் பார்வை மிகக் குறைவு. மூன்றாம் வகுப்பு. கல்வி சிடி என்றாலே படம்தான். அவளுக்கு என்ன இருக்கிறது?
ஓர் அம்மா, பாளையங்கோட்டை

அவளுக்கு நிறைய இருக்கிறது அம்மா. பேசும் புத்தகங்களைக் கேளுங்கள். அதிலும் டெய்சி என்ற முறையில் பதிந்த ஒலிப்புத்தகம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஆடியோ சிடியில் முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டும். டெய்சியில் இந்த அத்தியாயம், இந்தப் பக்கம் என்று நேரே போகலாம், பார்வையுள்ள பிள்ளை புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரியே. வகுப்பில் ஆசிரியர் ‘இருபதாம் பக்கம் எடு’ என்றால் அவளும் எடுக்க முடியும். வாசிக்கிற வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். சுகம்யா புஸ்தகாலயா என்று 2016-ல் தொடங்கின இணைய நூலகமும் இருக்கிறது, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் அதில் பதிவுசெய்து இந்த மாதிரிப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறீர்கள், நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற பள்ளி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அவளை அங்கே சேர்க்கச் சொல்லவில்லை. ஒரு நாள் போய் அங்குள்ள ஆசிரியர்களிடம் கேளுங்கள். எந்த ஒலிப்புத்தகம் நல்ல தமிழில் இருக்கிறது, எந்தக் கருவி பிள்ளைக்குப் பிடிபடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டில் இருக்கிற பட டிவிடியையும் ஒதுக்க வேண்டாம். நிறுத்தி நிறுத்தி, திரையில் என்ன நடக்கிறது என்று அக்காவோ அண்ணனோ அவளுக்குச் சொல்லட்டும். ‘யானை தண்ணிக்குள்ள இறங்குது, தும்பிக்கையைத் தூக்குது’ என்று விவரிக்கப் பழகுகிற அந்தப் பிள்ளைக்கும் தமிழ் நன்றாக வரும். ஒரு மண் யானையை இவள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்து மாதக் குழந்தைக்கு ஆங்கிலம் இப்போதிருந்தே காதில் விழட்டும் என்று ரைம்ஸ் டிவிடி போடுகிறோம். நல்லதுதானே?
ஒரு தம்பதி, பேட்டை

வேண்டாம். 2003-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள் அதையே பேசியதை டிவிடியில் போட்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறிய வந்தது. டிவிடி பார்த்த குழந்தைகளுக்கு வரவில்லை. உங்கள் குழந்தைக்கு இப்போது வேண்டியது உங்கள் முகமும் குரலும். தமிழில் கொஞ்சுங்கள், பாட்டுப் பாடுங்கள், ஆங்கிலத்துக்கு நாள் இருக்கிறது.

என் மருமகனுக்குப் பிறந்தநாள். ஒரு நல்ல கல்வி டிவிடி வாங்கித் தர ஆசை. எதைப் பார்த்து வாங்க? ஏழு வயது.
ஓர் அத்தை, சேரன்மகாதேவி

உறையில் ‘3 முதல் 12 வயது வரை’ என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள், எந்த வயதுக்கும் உதவாது. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேசுகிறவர் மூச்சு விடாமல் பேசுகிறாரா, கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்ல இடைவெளி விடுகிறாரா என்று கவனியுங்கள். இடைவெளி விடுகிறதை வாங்குங்கள். தலைப்பு வாரியாகத் தாவிப் போகிற பட்டியல் அதில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள், ‘ண’வும் ‘ன’வும் மாறிக் கிடக்கிற சிடிகள் சந்தையில் உண்டு.

அறிவியல் டிவிடியாக இருந்தால் பாதியை ஓட்டிவிட்டு அடுத்த லீவு நாளில் மருமகனைக் கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திரையில் பார்த்ததை அங்கே தொட்டுத் தள்ளிப் பார்க்கலாம். சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மீதிப் பாதியை வந்த பிறகு போடுங்கள்.